வெள்ளை படிந்த சாக்லேட்டைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் குடும்பப் பக்கத்தில் தீபாவளிப் பலகாரம் பற்றிய குறிப்பில் சாக்லேட்டைப் பற்றி மூன்று செய்திகள் வந்திருந்தன. வெளிநாட்டுச் சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் படிவது பூஞ்சணம், தின்னக் கூடாது என்பது ஒன்று. வெயில் காலத்தில் வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டுக் கொக்கோவையே போடுவதால்தான் அவர்கள் சாக்லேட் அவ்வளவு மழமழப்பு என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. முதல் யோசனையால் நல்ல பண்டம் குப்பைக்குப் போகிறது. இரண்டாவது யோசனை, முதலாவது பயமுறுத்தும் அந்த வெள்ளையைத்தான் வரவழைக்கும். மூன்றாவது, மேற்கு ஆப்பிரிக்க விவசாயியின் உழைப்பை வேறு யார் கணக்கிலோ எழுதுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கொழுப்பு, மற்றது சர்க்கரை. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை படிந்த இடத்தில் விரலை வைத்துப் பத்து விநாடி மெல்லத் தேயுங்கள். அந்தச் சாம்பல் வெள்ளை மறைந்து பழுப்பு பளபளவென்று தெரிந்து, விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அது கொக்கோ வெண்ணெய். தேய்த்தும் சொரசொரப்புப் போகாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது சர்க்கரை. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வெறும் சாக்லேட்டில் தண்ணீர் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். அந்த வறட்சியில் பூஞ்சணம் பிழைக்க வழியே கிடையாது. உள்ளே கிரீமோ பழக்கூழோ பர்ஃபியோ வைத்தது என்றால் கதை வேறு. அதில் ஈரம் உண்டு, பூஞ்சணமும் வரும். பஞ்சு போலக் கிளம்பி மண் வாடை அடித்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

இந்த வெள்ளை ஏன் வருகிறது என்பதற்குக் கொக்கோ வெண்ணெயின் குணம் தெரிய வேண்டும். அதற்கு முன், "ஐரோப்பியக் கொக்கோ" என்ற பேச்சை முடித்துவிடுவோம்.

கொக்கோ மரம் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 20 பாகைக்குள்தான் செழிக்கும். ஐரோப்பாவில் கொக்கோத் தோட்டம் கிடையாது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து போகிறது. அங்கே காயை உடைத்ததும் வெள்ளைச் சதை போர்த்திய 30, 40 விதைகள் கிடைக்கும். அந்த விதையை அப்படியே காயவைத்து வறுத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சுவிஸ் எந்திரத்தில் போட்டாலும் சாக்லேட் மணம் வராது. சதையோடு குவித்து வாழையிலையால் மூடி, அல்லது மரப்பெட்டியில் கொட்டி, 5 முதல் 7 நாள் புளிக்க விட வேண்டும். முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சதை கரைந்து வடிந்து, இடுக்குகளில் காற்று புகுந்ததும், இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டம் அந்தச் சாராயத்தைக் காடியாக்கும். அப்போது கிளம்பும் சூட்டில் குவியல் 45, 50 டிகிரி செல்சியஸுக்கு ஏறும். சூடும் காடியும் சேர்ந்து விதையின் முளையைக் கொன்றுவிடும். விதை செத்த பிறகுதான் உள்ளே வேலை தொடங்குகிறது. புரதமும் சர்க்கரையும் சிதைந்து, பின்னால் வறுக்கும்போது மணமாகப் போகிற சரக்கு உண்டாகிறது. துவர்ப்பு தணிகிறது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை குவியலைப் புரட்டிவிடாவிட்டால் நடுவில் இருப்பது பதமாகும், ஓரத்தில் இருப்பது பச்சையாகவே நிற்கும். நாள் போதாமல் எடுத்த விதையைக் குறுக்கே வெட்டினால் சிலேட்டு நிறமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கும், வாயில் வைத்தால் கசந்து துவர்க்கும். நாள் கூடினால் அழுகல் வாடை. நல்ல விதை உள்ளே பழுப்பாக, மூளை மடிப்பு போலப் பிளவு பிளவாக இருக்கும். வியாபாரிகள் மூட்டையிலிருந்து 300 விதை எடுத்து நீளவாக்கில் வெட்டி, சிலேட்டு எத்தனை, பூஞ்சணம் எத்தனை என்று எண்ணி விலை பேசுவது இதனால்தான். பிறகு காயவைத்து ஈரத்தை நூற்றுக்கு 7, 7½ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 8-க்கு மேல் நின்றால் மூட்டையில் பூஞ்சணம் ஏறும். 6-க்குக் கீழே போனால் தோல் நொறுங்கிப் பூச்சிக்கு வழிவிடும். மழைக்குப் பயந்து விறகு மூட்டிக் காயவைத்தால் புகை வாடை கொழுப்பில் ஏறிக்கொள்ளும். அதற்கப்புறம் எந்த ஐரோப்பியனாலும் அதை எடுக்க முடியாது.

அப்படியானால் ஐரோப்பா என்னதான் செய்தது? அரைக்கவும் பிழியவும் பதம் பிடிக்கவும் கற்றது. வறுத்த விதையைப் புடைத்துத் தோலை நீக்கினால் கிடைக்கும் பருப்பில் பாதிக்குச் சற்று மேலே கொழுப்புதான். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பம் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. சக்கை கொக்கோத் தூளாயிற்று. பிழிந்த வெண்ணெய் மிச்சம். அந்த மிச்ச வெண்ணெயை அரைத்த கொக்கோவிலும் சர்க்கரையிலும் கூடுதலாகச் சேர்த்தால் அச்சில் ஊற்றலாம் என்று இங்கிலாந்தில் பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் 1847-இல் கண்டது. அதுவரை குடிக்கும் பண்டமாக இருந்தது, கடித்துத் தின்னும் கட்டியாயிற்று. பால் சேர்க்கப் பலர் முயன்று தோற்றதற்குக் காரணம் மறுபடியும் தண்ணீர்தான். பாலின் ஈரத்தில் பண்டம் கெட்டுப்போயிற்று. 1875-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்து டேனியல் பீட்டர் சுண்டிய பாலைக் கொண்டு அதைச் சாதித்தார்.

மழமழப்புக்குப் பெயர் போட வேண்டுமென்றால் பெர்ன் நகரத்து ரொடோல்ஃப் லின்ட்டுக்குத்தான் போட வேண்டும். 1879-இல் அவர் அமைத்த சிப்பி வடிவத் தொட்டியில் உருளை முன்னும் பின்னும் நாள்கணக்கில் சாக்லேட்டைப் பிசைந்தது. கான்ச் என்பது அதன் பெயர். அதில் இரண்டு காரியம் நடக்கிறது. புளிக்கவைத்ததில் தங்கிய காடி வாடை சூட்டில் ஆவியாகிறது. ஒவ்வொரு சர்க்கரைத் துகளையும் கொழுப்பு தனித்தனியே போர்த்துகிறது. நாக்கு 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேற்பட்ட துகளை மணலாக உணரும். நல்ல சாக்லேட்டில் துகள் 15 முதல் 25 மைக்ரானுக்குள். அதற்கும் கீழே அரைத்தால் பசை போல வாயில் ஒட்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1826-இல் சுவிட்சர்லாந்தின் சூஷார் கருங்கல் தட்டின் மேல் கருங்கல் உருளையை ஓடவிட்டு அரைத்தார். இட்லி மாவு ஆட்டுகிற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் அதே வேலைதான் செய்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டளவில், சிறு கடை அளவில் விதையிலிருந்து சாக்லேட் செய்பவர்கள் பலர், சற்று மாற்றியமைத்த அந்தக் கிரைண்டரில்தான் ஆட்டுகிறார்கள். வீட்டில் முயல விரும்புவோருக்கு 2 கிலோ அளவு: வறுத்துப் புடைத்த பருப்பு 1 கிலோ 300 கிராம், கொக்கோ வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 600 கிராம். இது 70 சதவீதச் சாக்லேட். விதையை 120, 130 டிகிரி அடுப்பில் 25 நிமிடம் போல வறுத்து, ஆறவைத்து, நொறுக்கி, முறத்தில் புடைத்தாலே போதும், தோல் பறந்துவிடும். கல்லை முதலில் 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் போட்டால் வெண்ணெய் உறைந்து மோட்டார் திணறும். பருப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட வேண்டும். கூழான பிறகு சர்க்கரை. 24 முதல் 48 மணி நேரம் ஓடட்டும்.

மாவாட்டிய கல்லை அலசிவிட்டு அப்படியே கொக்கோ போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கல்லின் துளையில் தங்கிய ஈரம் போதும், மொத்தமும் களிமண்ணாக இறுகிவிடும். சில சொட்டுத் தண்ணீர் சர்க்கரைத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோள மாவு கலந்திருக்கலாம், அது வேண்டாம். நைஸான காஸ்டர் சர்க்கரையை அடுப்பில் உலர்த்திப் போடுங்கள். இறுகிப்போன சாக்லேட் திரும்பக் கட்டியாகாது. தாராளமாகச் சூடான பால் விட்டு சாஸாக்கிக்கொள்ளலாம்.

இனி வெள்ளைக்கு வருவோம். சர்க்கரைப் பாகுக்கு ஒரு கம்பி, இரண்டு கம்பி என்று பதம் இருப்பது போலக் கொக்கோ வெண்ணெய் உறைவதற்கு ஆறு விதம் உண்டு. நாலாவது விதமாக உறைந்தது ஏறத்தாழ 27, 28 டிகிரியில் இளகிவிடும். ஐந்தாவது விதம் 34 வரை நிற்கும்; பளபளக்கும், உடைத்தால் டக்கென்று ஓசை கேட்கும், வாயில் மட்டும் உருகும். உருக்கிய சாக்லேட்டைச் சும்மா ஆறவிட்டால் கீழ்வகைகளும் கலந்து உறையும். அவை நாளாக ஆக உருகி, மேலே ஏறி, வேறு வடிவில் மறுபடி உறையும். அதுதான் அந்தச் சாம்பல் வெள்ளை. பிப்ரவரியில் டர்பன் பகலே 28 டிகிரி என்றால், பதம் பிடிக்காத சாக்லேட் மேசை மேலேயே தானாக இளகத் தொடங்கிவிடும் என்று பொருள். குளிர்ந்த ஐரோப்பாவில் அதே பிழை சற்று மறைந்திருக்கலாம், இங்கே சீக்கிரமே முகத்தைக் காட்டும்.

எல்லாம் ஐந்தாவது விதமாகவே உறையும்படி பதம் பிடிப்பதைத் தொழிலில் டெம்பரிங் என்போம். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிக்கு முழுக்க உருக்கி, 27, 28-க்கு இறக்கி, மீண்டும் 31, 32-க்கு ஏற்ற வேண்டும். பால் சாக்லேட்டுக்கு உருக்குவது 45-க்குள், கடைசியில் 29, 30. வெள்ளைச் சாக்லேட்டுக்கு 28, 29. எளிய வழி இது: மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை உருக்குங்கள். மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, 34 டிகிரி வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டுங்கள். அந்தப் பொடி, பாலுக்கு உறைமோர் போல. அது ஏற்கனவே ஐந்தாம் பதத்தில் இருப்பதால் மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். 32-இல் நின்றதும் கரையாத துண்டை எடுத்துவிடலாம். வெள்ளை படிந்த கட்டியை உறைக்குப் போடாதீர்கள், புத்தம் புதியது வேண்டும்.

கைக்குச் சூடு தெரியும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். 34-ஐத் தாண்டிவிட்டால் உறை முழுக்கக் கரைந்துபோய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கத்தி முனையை முக்கி எடுத்து 20 டிகிரி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடில்லாமல் பளபளவென்று இறுகினால் பதம் சரி. பத்து நிமிடம் ஆகியும் விரலில் ஒட்டினால் சரியில்லை. அறை 20 முதல் 22 டிகிரிக்குள், ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டிசம்பரில் ஏசி இல்லாமல் டர்பனில் இது நடக்காது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தாலும் ஈரப்பதம் விடாது. ஊற்றிய அச்சை 12 முதல் 15 டிகிரியில் ஒரு கால் மணி வையுங்கள். உறையும்போது சாக்லேட் தானே சூட்டை வெளிவிடும். அச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, பாளத்தின் நடுவில் மட்டும் காசளவுக்குச் சாம்பல் வட்டம் விழும். ஓரமெல்லாம் பளபளக்க நடுவில் மட்டும் அப்படி இருந்தால், பதத்தில் குறையில்லை, காற்றோட்டத்தில்தான் குறை.

பதம் சரியாக இருந்தும் தீபாவளிக்குச் செய்த சாக்லேட் பர்ஃபி ஒரு வாரத்தில் மங்கிவிடுகிறதே என்று பலர் கேட்பதுண்டு. பால்மாவும் கிரீமும் நெய்யும் சேர்த்துக் கிளறும் நம் ஊர்ப் பர்ஃபியில் நெய் இளகிய கொழுப்பு. அது மெல்ல மேலேறிச் சாக்லேட் ஓட்டுக்குள் புகுந்து, கொக்கோ வெண்ணெயைக் கரைத்து வெளியே தள்ளுகிறது. முந்திரி, ஹேசல்நட் வைத்த பெல்ஜியம் பிரலினுக்கும் இதே கதி உண்டு. தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். பர்ஃபியை நெய் கசியாத அளவுக்கு இறுக்கிக் கிளறுங்கள். ஒரு நாள் திறந்து உலரவிடுங்கள். 20, 22 டிகிரிக்கு வந்த பிறகே முக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பர்ஃபியை முக்கினால், அது பிறகு சூடேறி விரியும்போது ஓடு வெடிக்கும், வெடிப்பில் பாகு கசியும்.

இன்னொரு பிழை சிக்கனத்தால் வருவது. பேக்கிங் சாக்லேட் என்று கட்டியாக விற்பதில் பெரும்பாலும் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்ப்பனையின் பருப்பெண்ணெய் போன்ற கொழுப்புதான் இருக்கும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற மாதிரி, தனியாகப் பயன்படுத்தினால் அது மோசமில்லை; டெம்பரிங்கே வேண்டாம், உருக்கி முக்கினால் இறுகிவிடும். பாதி அது, பாதி நல்ல சாக்லேட் என்று கலப்பதுதான் வினை. அந்தக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் ஒன்றாக உறைய மறுக்கும். கலவை மெழுகு போல மெத்தென்று நின்று சில நாளில் சாம்பல் பூக்கும்.

இலுப்பை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் தவிர 5 சதவீதம் வரை ஆறு தாவரக் கொழுப்புகளை அனுமதிக்கிறது: பாமாயில், ஷியா, சால் விதை, கோகம், மாங்கொட்டைப் பருப்பு, இல்லிப்பே. இந்த இல்லிப்பே என்ற சொல் நம் இலுப்பைதான். ஆனால் அந்தச் சட்டத்தில் அது குறிப்பது போர்னியோக் காட்டின் வேறொரு மரம். மாங்கொட்டையை நாம் வீசுகிறோம், அவர்கள் சாக்லேட்டில் போடுகிறார்கள். அதே சட்டப்படி சாக்லேட் என்று பெயர் வைக்கக் கொக்கோப் பொருள் குறைந்தது 35 சதவீதம், பால் சாக்லேட்டுக்கு 25. மேலுறையைத் திருப்பிப் பாருங்கள்: சர்க்கரைதான் முதலில் எழுதியிருந்தால், வேறெதையும்விட எடையில் அதுதான் அதிகம்.

காவடி விரதம் இருப்பவர்கள் மேலுறையில் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் ஈ எண்களைப் பார்த்துக் குழம்புவதால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஈ 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி. ஈ 476 ஆமணக்கெண்ணெயிலிருந்து வருவது. சாக்லேட்டை நீர்க்கச் செய்ய இரண்டும் சேர்க்கப்படுகின்றன. ஈ 471 தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். தாவரம் என்று எழுதியிருந்தால் ஒழிய விரதத்துக்கு வேண்டாம். பளபளக்கும் உருண்டைச் சாக்லேட்டின் மேல் ஈ 904 இருந்தால் அது அரக்குப் பூச்சியின் அரக்கு. மார்ஷ்மெல்லோ வைத்ததில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும்.

கடைசியாக ஃப்ரிட்ஜ். பகலில் 28 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றில், 23 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளை வைத்தாலும் அதன் மேல் நீர் கோக்கும். 4 டிகிரியிலிருந்து எடுத்த சாக்லேட்டைப் பிரித்ததும் அதன் முகம் வியர்க்கும். அந்த நீரில் சர்க்கரை கரைந்து, நீர் உலர்ந்ததும் சொரசொரவென்று வெள்ளையாகத் தங்கிவிடும். நல்ல இடம் 15 முதல் 18 டிகிரி உள்ள, வெங்காயமும் மசாலாவும் இல்லாத இருட்டு அலமாரி. கோடையில் அதற்கு வழியில்லை, ஃப்ரிட்ஜ்தான் கதி என்றால், உறையைப் பிரிக்காமல் ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, மேலே இறுக்க மூடும் டப்பா ஒன்றில் வையுங்கள். எடுக்கும் நாளில் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விட்டுவிடுங்கள். டப்பாதான் வியர்க்கும், சாக்லேட் வியர்க்காது. நீண்ட மின்வெட்டு நாளில் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பதம் பிடித்த சாக்லேட் 28 டிகிரியைத் தாங்கும். குளிர்ந்து சூடாகி மறுபடி குளிர்வதைத்தான் தாங்காது.

வெள்ளை படிந்த கட்டி வீட்டில் இருந்தால் கொழுப்பா சர்க்கரையா என்று விரல் வைத்துப் பாருங்கள். கொழுப்பு என்றால் உருக்கி மறுபடி பதம் பிடித்தால் பழைய பளபளப்பு வந்துவிடும். சர்க்கரை என்றால் உருக்கினாலும் நறநறப்புப் போகாது; சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாக்லேட் தொழிலாளர் இருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.